மாதவிலக்கை மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆக்கிக்கொள்ளலாமா?

மலேசியாவின் கெடாவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்து டவுனிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 31. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஐந்து வயது. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. இவர் கம்பெனி பஸ் ஏறி ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். காலை ஏழிலிருந்து இரவு ஏழு, அடுத்த சுற்றில் இரவு ஏழிலிருந்து காலை ஏழு.

மாதவிலக்கு வந்தால் ஏழெட்டு நாள் நிற்பதில்லையாம். முதல் மூன்று நாள் இரண்டு பேட் சேர்த்து வைத்தும் சீருடை கறைபடுகிறது, கட்டி கட்டியாகப் போகிறது. அடிவயிற்று வலிக்குப் பொன்ஸ்தான் போட்டுக்கொண்டு நின்றபடியே வேலை. அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.9. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். வயிறு கட்டிக்கொண்டது என்று பாதியில் விட்டுவிட்டார். எம்.சி. (டாக்டர் எழுதித் தரும் நோய் விடுப்பு) எடுத்து எடுத்து சூப்பர்வைசர் முகம் கோணுகிறதாம்.

உடன் வேலை செய்யும் மலாய்த் தோழி ஒருவர் கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் அட்டைக்கு அட்டை தொடர்ந்து சாப்பிடுகிறார். அவருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறைதான் மாதவிலக்கு. அதைப் பார்த்து இவரும் ஃபார்மசியில் மூன்று அட்டை வாங்கி, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். இன்னும் தொடங்கவில்லை. மாமியார், “மாதா மாதம் கெட்ட இரத்தம் போகாவிட்டால் உள்ளேயே தங்கிக் கட்டியாகிவிடும்” என்கிறார். கணவருக்கு மாத்திரையே பிடிக்கவில்லை. புற்றுநோய் வருமா, பிறகு ஒரு பிள்ளை வேண்டுமென்றால் தங்குமா, கோவில் திருவிழாவுக்குத் தள்ளிப்போடும் மாத்திரையும் இதுவும் ஒன்றா, கணவர் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நடுவில் ஒரு வரி: “சில சமயம் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் கோடு மாதிரி ஓடும், அது சின்ன வயதிலிருந்தே உள்ளது, அது கிடக்கட்டும்.”

கிடக்கவிட முடியாத வரி

சகோதரி, நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் “கிடக்கட்டும்” என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்த வரியில்தான் முதலில் நிற்க வேண்டியிருக்கிறது. அது தெளிவாகும்வரை சேலைக்கு அடியில் இருக்கும் அட்டைகள் அங்கேயே இருக்கட்டும்.

ஒற்றைத் தலைவலி இரண்டு வகை. பெரும்பாலானோருக்குத் தலைவலி மட்டும் வரும். சிலருக்கு அதற்கு முன்னால் ஓர் அறிகுறி வரும், அதை ஆரா என்பார்கள். பார்வையில் ஓரிடத்தில் சின்னதாகத் தொடங்கும் வளைந்து நெளிந்த ஒளிக்கோடு மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே நகரும். அந்த இடத்தில் எழுத்தோ முகமோ சரியாகத் தெரியாது. ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும், அதன் பிறகு தலைவலி. சிலருக்குக் கையும் உதட்டோரமும் மதமதப்பாகும், சிலருக்கு வார்த்தை வாயில் வராது.

இந்த வகைத் தலைவலி உள்ள பெண்களுக்கு மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரை (சாதாரணக் கருத்தடை மாத்திரை பெரும்பாலும் இந்த வகைதான்) அதன்மேல் சேர்ந்தால் இன்னும் கூடும். இளவயதில் பக்கவாதம் அரிதுதான், உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் வந்தால் திரும்பிப் பெற முடியாததைப் பறித்துக்கொண்டு போகும் நோய் அது. எந்தக் கருத்தடை முறை யாருக்கு ஆகும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1 முதல் 4 வரை தரம் பிரித்திருக்கிறது. ஆரா உள்ள ஒற்றைத் தலைவலிக்கு ஈஸ்ட்ரோஜென் மாத்திரை 4ஆம் தரம், அதாவது எந்த வயதிலும் கொடுக்கக் கூடாது. 21 நாள் சாப்பிட்டு நிறுத்தினாலும் சரி, மூன்று மாத முறையில் 84 நாள் தொடர்ந்து சாப்பிட்டாலும் சரி, அதில் வித்தியாசம் இல்லை.

ஆனால் உங்களுக்கு வருவது ஆராதானா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஹீமோகுளோபின் 8.9 உள்ளவர் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், பூச்சி பறக்கும். அது இரத்தச்சோகை, ஆரா இல்லை. ஆகவே அடுத்த முறை வரும்போது கவனித்து எழுதி வையுங்கள். கோடு அசையாமல் நிற்கிறதா, நகர்ந்து பெரிதாகிறதா? எத்தனை நிமிடம்? தலைவலிக்கு முன்பா, தலைவலியோடு சேர்ந்தா? ஒரு கண்ணை மூடினாலும் தெரிகிறதா, பிறகு அடுத்த கண்ணை மூடினாலும் தெரிகிறதா? இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் தெரிந்தால் ஆராவாக இருக்க வாய்ப்பு அதிகம். டாக்டர் இதைக் கேட்டே முடிவு செய்துவிடலாம், பெரும்பாலும் ஸ்கேன்கூடத் தேவைப்படாது.

கருத்தடை மாத்திரையை ஃபார்மசியில் மருந்தாளரிடம் கேட்டே வாங்கலாம். அந்த வசதியை நான் குறை சொல்லமாட்டேன். வேலை முடிந்து வரும்போது கிளினிக் மூடியிருக்கும் ஊரில் அது பெரிய உதவி. ஆனால் கவுண்டரில் வரிசை நிற்கும்போது யாரும் உங்களிடம் தலைவலியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள், இரத்த அழுத்தமும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கெட்ட இரத்தம் என்று ஒன்று இல்லை

உங்கள் மாமியார் சொல்வது இந்த நாட்டில் தமிழ், மலாய், சீனப் பாட்டிகள் எல்லோரும் சொல்வதுதான். மாத்திரை சாப்பிடாத ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அது கவனிக்க வேண்டிய விஷயம்தான், அந்த அளவில் அவர் கவலையில் நியாயம் உண்டு. கர்ப்பமா, தைராய்டா, சினைப்பை நீர்க்கட்டியா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடும்போது கதையே வேறு. மாதவிலக்கில் வெளியே வருவது கருப்பையின் உள்சவ்வு. கரு தங்கலாம் என்று மாதா மாதம் தடித்து, கரு இல்லையென்றால் உதிர்ந்து வருகிறது. மாத்திரையில் உள்ள ஹார்மோன் அந்தச் சவ்வை மெலிதாகவே வைத்திருக்கிறது. வளராத புல்லை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே தங்குவதற்கு அங்கே ஒன்றும் சேரவில்லை.

அப்படியென்றால் 21 நாள் சாப்பிட்டு ஏழு நாள் நிறுத்தும்போது வருகிறதே, அது என்ன? ஹார்மோன் திடீரென்று நின்றதால் வரும் கசிவு, இயற்கையான மாதவிலக்கு இல்லை. அந்த ஏழு நாள் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1950களில் அமெரிக்காவில் ஜான் ராக் என்ற மருத்துவர் பிள்ளை இல்லாத பெண்களுக்கு ஹார்மோனை இடைவிடாமல் கொடுத்துப் பார்த்தார். மாதவிலக்கு நின்றதும் அவர்கள் கர்ப்பம் என்று நம்பி, இல்லையென்று தெரிந்து உடைந்துபோனார்கள். மாதம் ஒருமுறை நிறுத்திக் கொடுங்கள் என்று யோசனை சொன்னவர் அவரோடு ஆராய்ச்சி செய்த கிரிகரி பின்கஸ். 1960இல் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதும் அந்த இடைவெளி அப்படியே தங்கிவிட்டது. பெண்களின் உடம்பு கேட்டு வைத்த இடைவெளி இல்லை அது. பிரிட்டனில் குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவத்துக்கு வழிகாட்டும் அமைப்பே, இந்த ஏழு நாள் இடைவெளியால் உடல்நலத்துக்கு எந்தப் பயனும் இல்லை என்று 2019இல் சொல்லிவிட்டது.

உங்கள் தோழி செய்வதும் புதிதில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்ற முறையை எடின்பரோவில் பெண்களிடம் சோதித்து 1977இலேயே எழுதியிருக்கிறார்கள். 2003இல் அமெரிக்காவில் 84 மாத்திரையும் ஏழு வெற்று மாத்திரையும் கொண்ட ஒரு பெட்டிக்கு அனுமதி கிடைத்தது. 2007இல் வருடம் முழுக்க நிறுத்தாமல் சாப்பிடும் ஒன்றுக்கும் கிடைத்தது. அந்தப் பெட்டிகளைத் தேடி அலைய வேண்டாம். டாக்டர் சரி என்றால், இங்கே கிடைக்கும் சாதாரண 21 மாத்திரை அட்டையையே அதற்குப் பயன்படுத்தலாம்.

ஆரா இல்லை என்று உறுதியானால்

அப்போது இந்த முறை உங்களுக்கு நன்றாகவே பொருந்தக்கூடும். வருடத்தில் 13 தடவை வருவது நான்கு தடவையாகும், அந்த நான்கும் பெரும்பாலும் இலேசாக இருக்கும். வலி குறையும். போகும் இரத்தம் குறைவதால் இரும்புச்சத்து உடம்பில் தங்கும். ஆரா இல்லாமல், மாதவிலக்கு நாட்களில் மட்டும் வரும் தலைவலிக்கு இது பல பேருக்கு நிம்மதி தருகிறது, ஏனென்றால் ஹார்மோன் சட்டென்று இறங்குவதுதான் அந்தத் தலைவலியைக் கிளப்புகிறது. கர்ப்பத்தைத் தடுப்பதில் 21 நாள் முறைக்குச் சற்றும் குறைந்ததில்லை.

புற்றுநோய் பற்றிக் கேட்டீர்கள். ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் இரண்டையும் குறைக்கிறது. நிறுத்திய பிறகும் அந்தப் பாதுகாப்பு பல வருடம் நிற்கிறது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சாப்பிடும் காலத்தில் சிறிதளவு கூடுகிறது, நிறுத்திய பிறகு மெல்ல மறைகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஐந்து வருடத்துக்கு மேல் சாப்பிடுவோரிடம் கொஞ்சம் கூடுதல், ஆகவே பேப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் 21 நாள் முறையில் சாப்பிட்டவர்களிடமிருந்து எடுத்தவை. தொடர்ந்து சாப்பிட்டால் ஆபத்து கூடும் என்று இதுவரை தெரியவரவில்லை. ஆனால் பத்து இருபது வருடம் அப்படிச் சாப்பிட்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சி குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழக்கமான முறையில் வருடத்திற்கு 273 மாத்திரை, மூன்று மாத முறையில் 336. மூன்று அட்டை கூடுதல். ஹார்மோனும் அந்த அளவு கூடுதல், செலவும் கூடுதல்.

பிள்ளை தங்குமா என்ற பயம் கருத்தடை ஊசியைப் பார்த்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று மாத ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்குத் திரும்பக் கரு தங்கப் பல மாதம் ஆகலாம், அது உண்மை. மாத்திரை அப்படி இல்லை. வருடம் முழுக்கத் தொடர்ந்து சாப்பிட்டு நிறுத்தியவர்களிலும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மூன்று மாதத்துக்குள் மாதவிலக்கு திரும்பிவிட்டது, அல்லது கரு தங்கிவிட்டது.

சரி, தொல்லைகள்? பெரிய தொல்லை, நீங்கள் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்களோ அதுவேதான்: எதிர்பாராத நாளில் கசிவு. முதல் மூன்று நான்கு மாதம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அளவு குறைவாகத்தான் இருக்கும், ஆனால் தேதி தெரியாது. பலர் இதனாலேயே ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பொறுத்தால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். 21 நாளாவது தவறாமல் சாப்பிட்ட பிறகு, கசிவு மூன்று நான்கு நாள் விடாமல் இருந்தால், நான்கு நாள் மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். ஏழு நாளுக்கு மேல் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. இடைவெளி நீள நீளச் சினைப்பை விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று இரத்தக் கட்டி. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் வருடத்திற்கு சுமார் 2 பேருக்குக் கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டிக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜெனோடு எந்தப் புரோஜெஸ்டோஜென் (மாத்திரையில் உள்ள இரண்டாவது ஹார்மோன்) சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும்: லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள மாத்திரையில் அது 5 முதல் 7 பேர், டெசோஜெஸ்ட்ரெல் அல்லது ட்ரோஸ்பைரினோன் உள்ளதில் 9 முதல் 12 பேர். கர்ப்பத்திலும் பிரசவத்திற்குப் பிறகும் இதைவிட அதிகம். ஆகவே டாக்டர் வேறு காரணம் சொல்லாவிட்டால் நான் முதலில் லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ளதையே தேர்ந்தெடுப்பேன். ஒரே காலில் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, மூச்சிரைத்து நெஞ்சு குத்தினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. இரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டியவர்கள், 35 வயதுக்கு மேல் சிகரெட் பிடிப்பவர்கள், முன்பே இரத்தக் கட்டி வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் இந்த மாத்திரையைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கும், வலிப்புக்குச் சில மருந்து சாப்பிடுபவர்களுக்கும் மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

மாதா மாதம் வராததால் கர்ப்பம் தங்கினாலும் சட்டென்று தெரியாது. இரண்டு மூன்று மாத்திரை விட்டுப்போன மாதத்தில் சந்தேகம் இருந்தால் ஃபார்மசியில் சோதனைக் குச்சி வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய அட்டையைப் பற்றி ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேர் தடுமாறும் இடம். எல்லா மாத்திரையும் ஒரே நிறத்தில் உள்ள 21 அட்டை என்றால், ஒன்று முடிந்த மறுநாளே அடுத்தது. 28 உள்ள அட்டையில் கடைசி வரிசை வேறு நிறத்தில் இருந்தால் அவை பெரும்பாலும் வெற்று மாத்திரைகள். அவற்றையும் சாப்பிட்டால் இடைவெளி விட்டதாகிவிடும், ஆகவே அந்த வரிசையை விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். ஒரே அட்டையில் வாரத்துக்கு ஒரு நிறமாக மூன்று நிறம் இருந்தால் அது இந்த முறைக்குச் சரிப்படாது. எது எது என்று தெரியாவிட்டால் அட்டையை எடுத்துப்போய் மருந்தாளரிடம் காட்டுங்கள்.

ஷிஃப்ட் மாறுகிறதே, நேரம் எப்படி? பகல் ஷிஃப்டில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எட்டு மணிக்கு. இரவு ஷிஃப்டில் பஸ் இறங்கி, போனை லாக்கரில் வைப்பதற்கு முன் ஆறரைக்கு. ஒன்றரை மணி நேர வித்தியாசம் இந்த மாத்திரைக்கு ஒன்றுமே இல்லை. ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள், அன்றைய மாத்திரையும் சேர்ந்து ஒரே நாளில் இரண்டானாலும் பாதகமில்லை. இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று.

ஆராதான் என்று தெரிந்தால்

வழி அடைபட்டுவிடவில்லை. ஈஸ்ட்ரோஜென் இல்லாத முறைகள் இருக்கின்றன. உங்களைப் போல அதிகம் போகிறவர்களுக்குக் கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் ‘காயில்’ (coil) என்ற சின்னக் கருத்தடைச் சாதனம் மாத்திரையைவிட நல்ல தேர்வு என்பது என் எண்ணம். ஆரா இல்லாவிட்டாலும் இதையே முதலில் பேசிப் பார்க்கச் சொல்வேன். தினமும் நினைவு வைக்க வேண்டியதில்லை, சேலைக்கு அடியில் ஒளிக்க ஒன்றும் இல்லை. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகக் கசியும், அதன் பிறகு பலருக்கு மாதவிலக்கு மிகக் குறைந்துவிடும், சிலருக்கு நின்றேவிடும். செம்புக் காயில் வேறு. அது போக்கை இன்னும் கூட்டும், உங்களுக்கு வேண்டாம். மூன்று மாத ஊசி, கையில் தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி, புரோஜெஸ்டோஜென் மட்டும் உள்ள மாத்திரை எல்லாம் உண்டு. மாதவிலக்கு ஒழுங்கு தவறும் என்பது மூன்றுக்கும் பொது. கருத்தடை வேண்டாம், போக்கை மட்டும் குறைத்தால் போதும் என்றால் அந்த நாட்களில் மட்டும் சாப்பிடும் ட்ரானெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கோவில் திருவிழாவுக்குப் போடும் மாத்திரை நோரெதிஸ்டெரோன். பிரிமோலுட் என்று கேட்டு வாங்குவார்கள். தேதிக்கு மூன்று நாள் முன்னால் தொடங்கி, ஒரு நாளைக்கு மூன்று வேளை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். தீமிதிக்கு நம்மவர்களும், ஹஜ்ஜுக்கு மலாய்ப் பெண்களும் கேட்பது வழக்கம், கிளினிக் மிஸ்ஸிகளுக்கு (தாதியருக்கு) இது புதிதே இல்லை. (உங்கள் மாமியாரே திருவிழாவுக்கு இதை வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது மட்டும் கெட்ட இரத்தம் தங்காதோ!) அப்படித் தேதி தள்ளச் சாப்பிடும்போது அது கருத்தடை இல்லை. அதோடு அந்த அளவில் உடம்பு அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜெனாக மாற்றிக்கொள்ளும். ஆரா உள்ளவர்கள் அதையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் செய்ய வேண்டியது

8.9 என்பது களைப்பு என்று ஒதுக்கும் எண் இல்லை. பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு போகிறது என்று பார்க்காமல் மாத்திரையால் மூடிவிட்டால், உள்ளே தசைக்கட்டி இருந்தாலும் தெரியாமல் போகும். அடிவயிற்று ஸ்கேன், தைராய்டு, திரும்ப ஒரு முழு இரத்தப் பரிசோதனை மூன்றும் வேண்டும். பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவுக்கான பரிசோதனையையும் கேளுங்கள். பள்ளியில் படிவம் 4 மாணவர்களுக்கு அது 2016இல்தான் தொடங்கியது, உங்கள் வயதுக்காரர்களுக்கு வாய்ப்பே இருந்திருக்காது. இரும்புச்சத்து மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். மலச்சிக்கல் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று கேளுங்கள், பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. தேத் தாரிக்கோடு மட்டும் விழுங்காதீர்கள், தேநீர் இரும்பைச் சேரவிடாது. கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நல்லது.

கணவர் கையெழுத்து பற்றி: மாத்திரை தொடங்க அவர் அனுமதி வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அவரிடம் மறைத்துச் செய்யச் சொல்லவும் மாட்டேன், முடிந்தால் 8.9 என்று எழுதிய அந்தக் காகிதத்தை அவரிடம் காட்டுங்கள். பிள்ளை பெறுவதைப் பற்றி நீங்கள் இருவரும் பேச வேண்டியது இருக்கலாம். இரத்தப்போக்கைக் குறைக்க மருந்து சாப்பிட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எம்.சி. பற்றியும் ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே இடத்தில் இரண்டு வருடம் முடித்து ஐந்து வருடத்தைத் தொடாதவருக்கு வருடத்தில் 18 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு, ஐந்து வருடம் முடித்தவருக்கு 22 நாள். டாக்டர் எழுதிக் கொடுத்த விடுப்பு உங்கள் உரிமை. சூப்பர்வைசர் முகத்துக்காக ஒரு மாத்திரையைத் தொடங்காதீர்கள்.

அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தனி நாள் இருக்கலாம், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமான எல்.பி.பி.கே.என். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, அதன் கிளினிக்குகளிலும் பார்க்கலாம். மூன்று அட்டையையும், பழைய இரத்தப் பரிசோதனைக் காகிதத்தையும், தலைவலியைக் குறித்து வைத்ததையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் “மாத்திரை வேண்டும்” என்று தொடங்காமல், “அதிகமாகப் போகிறது, கண்ணில் கோடு ஓடித் தலைவலி வருகிறது” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் பார்க்காமல் எழுந்து வராதீர்கள். ஸ்கேனுக்கும் காயிலுக்கும் ஸ்பெஷலிஸ்ட் உள்ள மருத்துவமனைக்கு ரெஃபரல் கடிதம் கேளுங்கள். தேதி கிடைக்க மாதக்கணக்காகலாம். அதுவரை பாதுகாப்புக்கு ஆணுறை, வலிக்கு வழக்கமான பொன்ஸ்தான், வெறும் வயிற்றில் வேண்டாம். இடையில் ஒரு மாதம் மணிக்கு ஒரு பேட் நனைந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ, நிற்க முடியாமல் தலை சுற்றினாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.